இருப்புப்பாதையும் எருமப்பட்டிச் சமவெளியும்

பவுலடிகளின் இரண்டாம் மிஷனெரிப் பிரயாணத்தை மாணவர்க்குக் கற்பிக்கும்பொழுது, வரைபடத்தில் எக்னாத்தியப் பெருவழியைச் சுட்டிக்காட்ட நாம் தவறுவதில்லை. பிலிப்பி, அம்பிபோலி, அப்பொலோனியா, தெசலோனிக்கே ஆகிய பட்டணங்கள் அப்பெருவழியின்மேல் நூலில் கோத்த மணிகள்போல் அமைந்திருந்தன என்றும், பெரோயாவோ வழியினின்று விலகிக் கிடந்த ஊர் என்றும் விளக்குகிறோம். உரோமப் பேரரசு தன் படைகளுக்காக இட்ட சாலையில் சுவிசேஷகர் நடந்தார் என்பது நமக்கு வியப்பாகத் தோன்றுவதில்லை. ஆனால் நம் நாட்டுச் சபைகளின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவுடன் இந்நல்வழக்கத்தைக் கைவிட்டுவிடுகிறோம். இன்ன ஆண்டில் இன்ன மிஷனெரி வந்தார், இன்ன இடத்தில் ஆலயம் கட்டினார் என்று தொடங்குகிறோம். அவர் எவ்வழியாக வந்தார், அவ்வழியை யார், எதற்காக இட்டனர், அவ்வழி விலகிச் சென்ற ஊர்கள் என்னவாயின என்று கேட்பதில்லை.

இக்கேள்விகளை நாமக்கல் மாவட்டத்து எருமப்பட்டியையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் வைத்து ஆராய முற்படுகிறோம். எருமப்பட்டியில் புகைவண்டி நிலையம் இல்லை. ஆயினும் இருப்புப்பாதை ஊர்களைக் குறித்து எழுத அது தக்க இடம் என்றே எண்ணுகிறோம். நிலையம் பெற்ற ஊரின் சரித்திரத்தை எவரும் எளிதில் எழுதிவிடலாம். நிலையத்துக்கு எத்தனை நாள் வண்டிப் பயணம் என்று கணக்கிட்டு வாழ்ந்த ஊரின் சரித்திரமே இருப்புப்பாதையின் முழு விளைவையும் காட்டவல்லது.

முதலில் நில அமைப்பைக் காண்போம். எருமப்பட்டி நாமக்கல்லுக்குத் தென்கிழக்கே, துறையூர் செல்லும் சாலையில் அமைந்த பேரூராட்சி. வடகிழக்கே கொல்லிமலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. ஏறத்தாழ ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் வரை உயர்ந்த இம்மலை, சங்க இலக்கியம் போற்றும் வல்வில் ஓரியின் நாடு. கிழக்குப் பக்கத்தில் தலைமலை. தெற்கே ஒரு நாள் நடைக்குள் காவிரி. மலைக்கும் ஆற்றுக்கும் இடையே கிடப்பது பெரும்பாலும் மேட்டு நிலம். மானாவாரிச் சோளமும் நிலக்கடலையும், கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும் விளையும் பூமி. காவிரி அருகில் ஓடினாலும் அதன் நீர் இம்மேட்டில் ஏறுவதில்லை. ஆற்றோரத்து மோகனூரில் கரும்பும் வாழையும் தழைக்க, சில மைல்களுக்கு அப்பால் மழையை எண்ணி வானம் பார்ப்பர். இவ்வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவன விளங்கும்.

இச்சமவெளி என்றும் ஒதுக்குப்புறமாக இருந்ததில்லை என்பதே நாம் முதலில் வலியுறுத்த விரும்புவது. தத்துவ போதகர் எனப் பெயர் பூண்ட ராபர்ட் தெ நொபிலி 1623ஆம் ஆண்டு மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டார். திருச்சிராப்பள்ளியைக் கடந்து அவர் வந்து சேர்ந்த இடம், எருமப்பட்டிக்கு வடக்கே கொல்லிமலை அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலம். மதுரை நாயக்கருக்கு உட்பட்ட இராமச்சந்திர நாயக்கர் அங்கு ஆண்டுவந்தார். வந்தவரை அவர் மதிப்போடு ஏற்றார். அங்கிருந்தே நொபிலி சேலத்துக்குச் சென்றார். அவரது மார்க்க முறையைப் பற்றி நம்மிடையே கருத்து வேற்றுமைகள் உண்டு. அவற்றை இங்கு ஆராய வேண்டியதில்லை. திருச்சிக்கும் சேலத்துக்கும் இடைப்பட்ட இச்சமவெளி அன்று ஓர் ஆட்சியாளர் வீற்றிருந்த இடமாகவும், தொலைவிலிருந்து வருவோர் தங்கிச் செல்லும் வழியாகவும் இருந்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் நிலை அவ்வாறே இருந்தது. 1768ஆம் ஆண்டு ஆங்கிலேயப் படைத்தலைவர் கர்னல் உட் நாமக்கல் கோட்டையைக் கைப்பற்றினார். விரைவிலேயே ஐதர் அலி அதை மீட்டுக்கொண்டார். ஒரே பாறையின்மேல் நிற்கும் அச்சிறு கோட்டைக்காக இரு படைகள் மோதியதன் காரணம் அதன் அழகு அன்று. மைசூரிலிருந்து காவிரிச் சமவெளிக்கு இறங்கும் வழி அதன் காலடியில் சென்றது. 1792இல் திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கையால் சேலம் நாடு கம்பெனியாரின் கைக்கு வந்தது. அப்பொழுதும் திருச்சிப் பாதையும் சேலத்துப் பாதையும் சந்திக்கும் இடமாகவே நாமக்கல் விளங்கியது.

இந்நிலையை மாற்றியது இருப்புப்பாதை. சென்னை இருப்புப்பாதைக் கம்பெனி 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தன் முதல் வண்டியை ஓட்டியது. பாதை மேற்கு நோக்கி வளர்ந்து 1860இல் திருப்பத்தூரையும், 1861இல் சேலத்தையும், அவ்வாண்டு இறுதியில் சங்ககிரியையும், 1862இல் போத்தனூரையும் எட்டியது. அதன் நோக்கம் சென்னைத் துறைமுகத்தைப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையோடு இணைப்பதே. பங்குதாரர் இலண்டனில் இருந்தனர். அவர்கள் இட்ட முதலுக்கு அரசாங்கம் வட்டி உத்தரவாதம் அளித்திருந்தது. ஆகவே பாதை, இடையிலுள்ள ஊர்களின் தேவையைக் கேட்டு வளையவில்லை. சேர்வராயன் மலையின் மேற்குப் பக்கமாக இறங்கிச் சேலத்தைத் தொட்டு, உடனே மேற்கே திரும்பிவிட்டது. சேலம் நகரத்துக்கே கூட நிலையம் சில கிலோமீட்டர் தள்ளிச் சூரமங்கலத்தில்தான் அமைந்தது. மாவட்டத் தலைநகர்க்கே இக்கதி என்றால் நாமக்கல்லுக்காக யார் வளைவார்?

தெற்கே வேறொரு கம்பெனி. நாகப்பட்டினத்திலிருந்து 1862இல் திருச்சிராப்பள்ளியை அடைந்த பாதை, காவிரியின் தென்கரை வழியாக 1866இல் கரூரையும் 1868இல் ஈரோட்டையும் எட்டியது. பின்னர் 1931இல் சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாக விருத்தாசலம் செல்லும் பாதையும் முடிந்தது. அது கொல்லிமலைக்கு வடக்கே சென்றது. ஆக மேற்கே ஒரு பாதை, தெற்கே ஒரு பாதை, வடக்கே ஒரு பாதை. நடுவில் நாமக்கல், சேந்தமங்கலம், எருமப்பட்டி. நொபிலியின் காலத்தில் வழியாக இருந்த நாடு, ஒருவரும் வேண்டுமென்று செய்யாமலே, மூலையாயிற்று.

மூலை என்பதை வண்டிக்காரர் கணக்கில் சொல்லலாம். எருமப்பட்டியிலிருந்து நாமக்கல், திருச்செங்கோடு வழியாகச் சங்ககிரி நிலையம் செல்ல ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். பாரம் ஏற்றிய மாட்டு வண்டிக்கு இரண்டு நாளுக்குக் குறையாது. கரூர் இதைவிடக் கிட்டம். ஆனால் இடையே காவிரி. மோகனூர்த் துறையில் பாலம் இல்லாத காலத்தில் பரிசலே கதி. மேற்கே மலைநாட்டில் பருவமழை வலுத்து ஆறு பெருகும் ஆடி மாதத்தில் அக்கரை நிலையம் கண்ணுக்கு எட்டியும் காலுக்கு எட்டாது. நிலக்கடலை மூட்டையைக் கரூர் நிலையத்தில் ஏற்ற விரும்பிய குடியானவர், வண்டியில் ஏற்றி, துறையில் இறக்கி, பரிசலில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, மறுபடியும் வண்டியில் ஏற்றவேண்டும். ஒவ்வொரு கை மாறுதலுக்கும் கூலி. அக்கூலி அனைத்தும் கடலைக்கு அவர் பெறும் விலையினின்றே கழியும்.

இத்தொலைவின் கொடுமை 1876ஆம் ஆண்டு தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் வெளிப்பட்டது. இதைச் சற்று விரிவாகக் கூறுவது கடமை என எண்ணுகிறோம். ஏனெனில் இருப்புப்பாதை வந்தால் பஞ்சம் ஒழியும் என்று அக்காலத்து அரசாங்கத்தார் உறுதியாக நம்பினர். சேலம் மாவட்டத்தில் அப்போது இருப்புப்பாதை பதினைந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. ஆயினும் பஞ்சத்தால் மிகக் கொடிதாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலம் ஒன்றாயிற்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 19,66,995. 1881ஆம் ஆண்டில் 15,99,595. இயல்பாகக் கூடியிருக்க வேண்டிய தொகையைச் சேர்க்காமலே பார்த்தாலும் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் குறைந்துபோயினர். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அவர்களுள் ஊரை விட்டு வெளியேறியோரும் உண்டு. பெரும்பாலோர் மாண்டனர்.

பாதை இருந்தும் ஏன் இவ்வாறு நேர்ந்தது? சென்னைக் கடற்கரையில் கப்பல்களில் வந்திறங்கிய தானியம் மலைபோல் குவிந்து கிடந்தது. புகைவண்டிகள் அதை நிலையங்கள் வரை கொண்டுவந்தன. நிலையத்துக்கு அப்பால் தானியம் எருதின் கழுத்தில்தான் செல்லவேண்டும். மழை பொய்த்த ஆண்டில் முதலில் மடிவது புல், அடுத்து எருது, அதன்பின் மனிதன். வண்டி மாடுகள் தீவனமின்றிச் செத்துக்கொண்டிருந்தபொழுது நிலையத்தில் வந்திறங்கிய மூட்டை அறுபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊருக்குப் போய்ச் சேருவது எங்ஙனம்? மேலும், பாதை இருவழிப்பட்டது. விலை ஏறிய இடத்துக்குத் தானியத்தை வெளியே கொண்டுசெல்லவும் அதே வண்டி உதவியது. வாணிபத்தில் தலையிடலாகாது என்பது அரசாங்கக் கொள்கை. பஞ்ச நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கு ஈடான கூலி போதுமென்று சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்ததையும், அது உயிரைக் காக்கப் போதாதென்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடியதையும் நாம் மறத்தலாகாது. இருப்புப்பாதையைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. அது இல்லாதிருந்தால் இறந்தோர் தொகை இன்னும் கூடியிருக்கலாம். ஆனால் பாதை ஊரைக் காக்கும் என்ற நம்பிக்கை, நிலையத்துக்கும் வீட்டு வாசலுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கணக்கில் கொள்ளாத நம்பிக்கை.

1880ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷன் இதை ஓரளவு உணர்ந்தது. பஞ்சத்தினின்று காக்கவென்றே புதிய பாதைகள் இடவேண்டுமென்று பரிந்துரைத்தது. அவ்வழியில் அன்றைய சேலம் மாவட்டத்தின் வடபகுதிக்கு ஒரு சிறு பாதை கிடைத்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வரை 1906இல் திறக்கப்பட்டு, 1913இல் ஓசூர் வரை நீட்டப்பட்ட குறுகிய பாதை அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941இல், அது மூடப்பட்டுத் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. தருமபுரி மக்கள் பஞ்சத்தின் பெயரால் பெற்றதை யுத்தத்தின் பெயரால் இழந்தனர். நாமக்கல் சமவெளிக்கு அப்படி ஒரு பாதையும் வரவில்லை. ஆகவே இழக்கவும் ஒன்றுமில்லை. இவ்வட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 1910இல் மீண்டும் சேலத்தோடு இணைக்கப்பட்டது. இரு மாவட்டங்களுக்கும் ஓரமாகவே கிடந்த நிலத்தின் கதை இது.

இனித் திருச்சபையின் பக்கம் வருவோம். இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஹென்றி கிறிஸ்ப் 1827இல் சேலத்தில் ஊழியம் தொடங்கினார். 1840 முதல் அங்குப் பணிசெய்த லெக்லர் ஐயர் கைத்தொழிற் பள்ளியால் பெயர் பெற்றவர். கோயம்புத்தூரில் அதே மிஷனின் பணி 1830இல் தொடங்கியது. இவையாவும் இருப்புப்பாதைக்கு முற்பட்டவை. ஆகவே பாதைதான் மிஷன் நிலையங்களை உண்டாக்கியது என்று கூறுவது தவறாகும். ஆயின் பாதை வந்தபின் வளர்ந்தவை எவை என்று நோக்கினால், சேலம், ஈரோடு, கோயம்புத்தூர் என ஒரே தண்டவாளத்தின்மேல் வரிசையாகக் காண்கிறோம். ஈரோட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் பிரப் ஐயரும், இந்திய இசையை ஆராய்ந்த பாப்லி ஐயரும் உழைத்தனர். பள்ளி, விடுதி, மருத்துவமனை ஆகியன அங்கே எழுந்தன. மருந்தும் காகிதமும் கட்டடச் சாமான்களும் புகைவண்டியில் வந்திறங்கும் இடத்தில் நிறுவனம் வளர்வது இயற்கை. மிஷனெரிமாரின் விருப்பத்தைக் காட்டிலும் சரக்குக் கட்டணம் இதில் பெரும் பங்கு வகித்தது என்பது எம் துணிபு.

பாதை விலகிய பக்கத்தில் ஊழியம் வேறு உருவம் கொண்டது. சேந்தமங்கலத்தைத் தளமாகக் கொண்டு ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் சிறு சங்கம் பணிசெய்தது. அதன் ஊழியரான ஜெஸ்ஸி பிராண்டு 1913இல் ஈவ்லின் அம்மையாரை மணந்து, இருவரும் கொல்லிமலையின்மேல் வாழவந்தியில் குடியேறினர். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளோடு சாலை ஏறுகிறது. அன்று அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையே. நடந்தேனும் டோலியிலேனும் ஏறவேண்டும். வேண்டிய பொருளைத் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டியிருந்ததால், அங்கே பெரிய கட்டடமும் பெரிய நிறுவனமும் எழவில்லை. சிறு பள்ளிகளும், மருந்துப் பெட்டியும், தச்சு வேலையும், மலைவாழ் மக்களின் குடிசையில் அமர்ந்து பேசுவதுமே ஊழியமாயிருந்தன. மலைக்காய்ச்சலின் கொடிய வடிவமாகிய கருநீர்க் காய்ச்சலால் 1929 ஜூன் 15ஆம் நாள் ஜெஸ்ஸி பிராண்டு மரித்தார். ஈவ்லின் அம்மையார் மிஷனிலிருந்து ஓய்வுபெற்ற பின்னும் மலைகளை விடாமல் ஊழியம் செய்து 1974இல் இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார். 1914இல் அம்மலையில் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்டு, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்ப்படுத்தும் அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றார் என்பதை நம் வாசகர் அறிவர்.

இவ்விருவகை ஊழியத்தில் எது மேல் என்று தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறோம். மிஷன் அறிக்கைகளிலும் அவற்றைப் பின்பற்றி எழுதப்பட்ட சபைச் சரித்திரங்களிலும் கட்டடங்கள் உள்ள இடமே பெரிதும் பேசப்படும். கட்டடங்கள் நிலையத்தைச் சுற்றி எழுந்தன. ஆகவே நாம் அறியாமலே இருப்புப்பாதை வரைபடத்தைத் திருச்சபையின் வரைபடம் என்று எண்ணிக்கொள்கிறோம். எருமப்பட்டி போன்ற ஊர்களில் ஐந்தாறு குடும்பங்கள் கூடி ஆராதித்த கூரைச் சபைகளுக்கு அப்புத்தகங்களில் ஒரு வரியும் கிடைப்பது அரிது.

இருப்புப்பாதை கிட்டியிருந்தால் எல்லாம் செழித்திருக்கும் என்று இவ்வட்டாரத்தார் சிலர் கருதுவதுண்டு. சங்ககிரியை நோக்கினால் அதை அப்படியே ஏற்க இயலவில்லை. தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட மலைக்கோட்டையின் நிழலில் அமைந்த அவ்வூர், 1861 முதல் நிலையம் உடையது. சுண்ணாம்புக்கல்லும் பாதையும் ஒருங்கே இருந்தமையால் 1963இல் அங்கே சிமெண்டு ஆலை வந்தது உண்மை. ஆயினும் நூறு ஆண்டுகளுக்கு மேல் விரைவு வண்டிகள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்த சிற்றூராகவே அது இருந்தது. பிற்காலத்தில் அதற்குப் பெயர் தந்தது புகைவண்டி அன்று, லாரி. நாமக்கல்லிலும் அவ்வாறே. நாடு விடுதலை பெற்ற பின்னர் மேட்டு நிலத்துக் குடியானவர் லாரித் தொழிலில் இறங்கினர். லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் நாமக்கல்லில் பெருகின. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் நாடெங்கும் சென்றன. சமையல் எரிவாயு ஏற்றும் டாங்கர் லாரிகளுக்கு நாமக்கல் தலைமையிடமாயிற்று. இதற்கு இருப்புப்பாதை இன்மை மட்டுமே காரணம் என்று சாதிக்க மாட்டோம். பாதை உள்ள சங்ககிரியும் லாரி ஊராயிற்றே. மழையை நம்ப இயலாத நிலமும், கூட்டாகப் பணம் திரட்டும் உறவு வழக்கமும் காரணங்களுள் அடங்கும். ஆனால் வண்டிப் பயணத்தையே கதியாகக் கொண்டிருந்த ஒரு நாடு, எருதுக்குப் பதில் எந்திரம் கிடைத்தவுடன் அதை இறுகப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

1997 ஜனவரி முதல் நாள் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் அனுமதி பெற்ற சேலம் - கரூர் அகலப்பாதை, மெல்ல மெல்ல வளர்ந்து 2013 மே 25ஆம் நாள் பயணிகள் வண்டிக்குத் திறக்கப்பட்டது. மல்லூர், இராசிபுரம், புதுச்சத்திரம், நாமக்கல், மோகனூர், காவிரிப் பாலம், வாங்கல், கரூர் என ஏறத்தாழ 85 கிலோமீட்டர். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1888இல் பிறந்த மோகனூருக்கு அவர் பிறந்து நூற்றிருபத்தைந்தாம் ஆண்டில் புகைவண்டி வந்தது. சேலத்துக்கு முதல் வண்டி வந்து நூற்றைம்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. எருமப்பட்டிக்கு இன்றும் நிலையம் நாமக்கல்லே. ஆனால் இரண்டு நாள் வழி, பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது.

இப்பாதையால் இச்சமவெளி பெற்ற பெரும்பயன் பயணிகளால் அன்று, சரக்கால். நாமக்கல் மாவட்டம் இன்று முட்டைக்குப் பெயர்பெற்றது. எருமப்பட்டி வட்டாரத்திலும் கோழிப்பண்ணைகள் நீண்ட கொட்டகைகளாக வயல் நடுவே நிற்கின்றன. கோழிகளின் தீவனத்துக்கு வேண்டும் மக்காச்சோளம் இம்மண்ணில் விளைவது போதாமையால், பீகார் முதலிய வடமாநிலங்களிலிருந்து சரக்கு வண்டிகளில் ஆயிரக்கணக்கான டன் அளவில் நாமக்கல் நிலையத்துக்கு வந்து இறங்குகிறது. வண்டி வந்து நின்ற உடனே லாரிகள் வரிசையாகப் பின்புறம் காட்டி நிற்கின்றன. சுமைதூக்குவோர் மூட்டைகளை நேரே மாற்றுகின்றனர். இரவு கவியுமுன் அம்மூட்டைகள் எருமப்பட்டிச் சாலையில் சென்றுகொண்டிருக்கின்றன. 1877இல் நிலையத்திலிருந்து ஊருக்குத் தானியம் வராமல் மனிதர் மடிந்த நாட்டில், இன்று கோழிகளுக்குத் தானியம் ஒரே நாளில் வந்து சேருகிறது.